சும்மா கடலுக்குப் போவது

எங்கள் ஊரில் கடலுக்குப் போவதைத் ‘தொழிலுக்குப் போறது’ என்றுதான் சொல்வார்கள். கடலூர் மாவட்டத்துக் கரையோரக் கிராமம். அப்பா விடிவதற்கு முன்பே மரத்தைத் தள்ளிக்கொண்டு போய், வெயில் ஏறும்போது திரும்புவார். வந்த மீனை அம்மா கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு மேற்கே உள்ள ஊர்களுக்கு நடப்பாள். மரம் என்றால் கட்டுமரம். அது மணலில் கிடக்கும்போதுகூடப் பெண்பிள்ளைகள் அதன்மேல் ஏறக் கூடாது. ஏழு வயதில் ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டேன். “ஏ பாப்பா, எறங்கு. பொட்டப்புள்ள கால் வச்ச மரத்துல பாடு கெடைக்காது” என்று ஆயா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். முழங்கையில் சிராய்ப்பு. அதைவிட, ஆயாவின் முகத்தில் இருந்த பயம்தான் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆண் கடலில் இருக்கும் நேரத்தில் கரையில் இருக்கும் பெண் சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். அப்பா உயிரோடு திரும்புவதற்கு அம்மா பொறுப்பு. ஆனால் அவர் போய்வரும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு வழியில்லை.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த புதிதில், திருவல்லிக்கேணி நடைபாதையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். ஜோஷுவா ஸ்லோகம் எழுதி 1900இல் வெளிவந்தது. கப்பல் தலைவராக இருந்து வேலை இல்லாமல் போன அவர், மட்கிக் கிடந்த ஒரு பழைய படகைத் தன் கையாலேயே புதுப்பித்தார். ‘ஸ்ப்ரே’ என்று பெயர், ஏறத்தாழ 37 அடி நீளம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து அதில் தனியாகக் கிளம்பி, உலகையே சுற்றி, 1898 ஜூனில் திரும்பினார். அப்படிச் சுற்றிய முதல் ஆள் அவர்தான். பொழுதுபோக்காகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் வீட்டு அலமாரியில் இன்றும் முதலில் நிற்கும் புத்தகம் அது. நான் இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். எனக்கு அப்போது நீச்சல்கூடத் தெரியாது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது வாடைக்காற்று. கடல் கொந்தளித்துக் கிடந்ததால் அப்பா தொழிலுக்குப் போகவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“மீன் புடிக்கப் போனானா?”

“இல்லப்பா.”

“ஆளு, சரக்கு ஏத்திக்கிட்டுப் போனானா?”

“இல்ல.”

“அப்ப என்னத்துக்குப் போனான்? சும்மாவா?”

ஆமாம், சும்மாதான் என்றேன். அப்பா சிரித்தார். அடுப்படியில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே கேட்டாள்: “மூணு வருசம் அவன் போயிட்டா, வீட்ல யாரு இருந்தா?”

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் யார் இருந்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். ஸ்லோகமின் முதல் மனைவி வர்ஜீனியா. 1871இல் சிட்னியில் திருமணம் முடிந்ததும் அவர் கணவனோடு கப்பல் ஏறினார். கப்பலிலும் துறைமுகங்களிலுமாக ஏழு பிள்ளைகள் பெற்றார், சிலவற்றைப் பறிகொடுத்தார். 1884இல் புவெனஸ் அயர்ஸில், நங்கூரம் போட்டு நின்ற கப்பலிலேயே இறந்துபோனார். பதின்மூன்று வருடம் கடலில் குடித்தனம் நடத்திய அந்தப் பெண்ணுக்கென்று கணவரின் புகழ்பெற்ற புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. இரண்டாம் மனைவி ஹெட்டி. பிரேசிலில் கப்பல் சேதமாகி நின்றபோது குடும்பமே சேர்ந்து ஒரு சிறு படகு கட்டியது. அதற்குப் பாய் தைத்தவர் அவர்தான். அந்தப் படகில் அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகு இனிக் கடல் வேண்டாம் என்று கரையில் தங்கிவிட்டார். ஸ்லோகம் ‘தனியாக’ப் போனார் என்பது உண்மைதான். அந்தத் தனிமைக்குப் பின்னால் பிள்ளைகளோடு கரையில் நின்றுகொண்டிருந்தவர்களைச் சேர்த்துப் படிக்க அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள்.

அதன் பிறகு இந்த வகைப் புத்தகம் எதை எடுத்தாலும் அம்மாவின் கேள்வியோடுதான் படிப்பேன். ஆர்தர் ரான்ஸம் 1930இல் எழுதிய ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ சிறுவர் நாவலில், விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் ஏரியில் பாய்மரப் படகு ஓட்டித் தீவில் தங்குகிறார்கள். நான்ஸி என்ற பெண் தன் படகுக்குத் தானே கேப்டன். படித்தபோது குதித்தேன். ஆனால் இன்னொரு படகில் சூசன் என்ற பெண் இருக்கிறாள். தீவுக்கு வந்தும் அடுப்பு மூட்டுவது, தேநீர் வைப்பது, சின்னவர்களைத் தூங்கப் போகச் சொல்வது எல்லாம் அவள்தான். விடுமுறை எல்லோருக்கும்தான், சூசனுக்கு மட்டும் அது இடம் மாறிய சமையல்.

‘சும்மா’ என்ற சொல்லை நான் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். சின்ன வயதில் ஒருநாள் கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டார், வீட்டுக்காரம்மா என்ன வேலை என்று. “சும்மாதான் இருக்கு” என்றார் அப்பா. அம்மாவின் மீன்கூடை அவர் காலடியில்தான் இருந்தது. கழுவி வைத்த ஈரம்கூடக் காயவில்லை. நாள் முழுக்க உழைக்கிறவளைச் சும்மா இருக்கிறாள் என்கிறோம். நிஜமாகவே சும்மா இருக்க, சும்மா ஓர் இடத்துக்குப் போக, அவளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறோமா? ராமநாதபுரம் பக்கத்தில் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் மூழ்குகிறார்கள். அதுவும் பிழைப்புக்குத்தான். வேலை என்றால் பெண்ணுக்குச் சில இடங்களிலாவது கடல் திறக்கிறது. சும்மா என்றால் மூடிக்கொள்கிறது.

பிறகு ஆன் டேவிசன் கிடைத்தார். இங்கிலாந்துக்காரர், விமானம் ஓட்டியவர். அவரும் கணவர் ஃபிராங்கும் கடன் வாங்கி ஒரு பழைய மீன்பிடிப் படகைச் செப்பனிட்டார்கள். 1949இல் கடன்காரர்களுக்குத் தப்பி அதில் கிளம்பியவர்கள் புயலில் சிக்கினார்கள். படகு உடைந்தது, ஃபிராங்க் இறந்தார், ஆன் மட்டும் கரையேறினார். மூன்றே வருடம் கழித்து, 1952 மே மாதம், 23 அடிப் படகு ஒன்றில் பிளிமத்திலிருந்து தனியாகப் புறப்பட்டார். நவம்பரில் கனேரித் தீவுகளை விட்டு, 1953 ஜனவரி 23 அன்று டொமினிக்காவை அடைந்தார். அட்லாண்டிக்கைத் தனியாகப் பாய்மரத்தில் கடந்த முதல் பெண். 1956இல் வந்த ‘மை ஷிப் இஸ் சோ ஸ்மால்’ என்ற அவருடைய புத்தகத்தில் வீரப் பேச்சு கிடையாது. பயந்ததையும் களைத்ததையும் தவறு செய்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறார். ஆண்களின் புத்தகங்களில் படகு ஓட்டும் திறமையைப் படித்தேன். இவரிடம்தான் பயத்தோடு ஓட்ட முடியும் என்பதைப் படித்தேன்.

ஆனால் அம்மாவின் கேள்வியை இங்கேயும் கேட்டுத்தானே ஆக வேண்டும்? ஆன் போனபோது வீட்டில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. வீடும் இல்லை. நியூசிலாந்தின் நவோமி ஜேம்ஸ் 1977 செப்டம்பரில் கிளம்பி, கேப் ஹார்ன் வழியாக 272 நாளில் தனியாக உலகைச் சுற்றினார். அப்போது பிள்ளைகள் இல்லை. கணவர் வேறொரு படகில் உலகம் சுற்றும் பந்தயத்தில் இருந்தார். இந்த இரண்டு பெண்களுக்காகவும் கரையில் விளக்கேற்றிச் சோறாக்கி வைத்துக் காத்திருந்த ஆண் ஒருவரும் இல்லை. ஆண் வீட்டை விட்டுவிட்டுப் போக முடியும். பெண் போக வேண்டுமென்றால் வீடே இல்லாமல் போக வேண்டியிருக்கிறது என்று அன்று நோட்டில் எழுதி வைத்தேன்.

நவோமியைப் பற்றி இன்னொரு விஷயம். ஆட்டுப் பண்ணையில் வளர்ந்து, முடி திருத்தும் வேலை பார்த்த அவர், நீச்சல் கற்றதே 23 வயதில்தான். அந்த வரியில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. என் அத்தை கரையில் மீனுக்காகக் காத்திருந்தார். தம்பிக்கு ஆறு வயதிலேயே அப்பா கடலில் தள்ளிவிட்டு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். அவருடைய தங்கைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தரை கஜம் சேலை காலைச் சுற்றிக்கொண்ட நிலையில்தான் அத்தை கிடைத்தார். கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று 2005இல் ஆக்ஸ்பாம் அறிக்கை சொன்னது. தண்ணீரில் விளையாடுவது பெண்ணுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்கிறேன். விளையாடாததால் கற்றுக்கொள்ளாமல் விட்டது, ஒருநாள் உயிரைக் கேட்கிறது.

36 வயதில் நீச்சல் கற்றேன். பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் மாலை நாலிலிருந்து ஐந்து. ராத்திரிச் சமையலுக்கு முன்னால் போய்விட்டு வந்துவிடலாம் என்று யாரோ யோசித்துத்தான் அந்த நேரத்தை வைத்திருப்பார்கள். முதல் வாரம் முழுக்கக் கம்பியை விடவில்லை. ஐந்தாவது வாரம் மல்லாந்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர், மேலே வானம். எதற்காகவும் இல்லாமல் அப்படியே கிடந்தேன்.

கட்டுமரம் என்ற நம் சொல்லை டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் தன் பயணப் புத்தகத்தில் எழுதினார். இன்று உலகமெங்கும் பணக்காரர்கள் உல்லாசத்துக்கு ஓட்டும் இரட்டை உடல் படகுக்குக் ‘கேட்டமரான்’ என்றே பெயர். எங்கள் கரையிலிருந்து போன சொல்லில் உலகத்துப் பெண்கள் ஏறிவிட்டார்கள். அந்தக் கரையின் பெண்கள் ஏறவில்லை. 2024 அக்டோபர் 2 அன்று கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் ‘தாரிணி’ பாய்மரப் படகில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே 29இல் திரும்பியதைத் தொலைக்காட்சியில் அம்மாவுக்குக் காட்டினேன். ரூபா புதுச்சேரிப் பெண் என்றதும் எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தாள். “பாண்டிச்சேரியா? நம்ம கடலா?” அந்த இருவரும் ஒரு புத்தகம் எழுதினால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

அப்பா இப்போது இல்லை. போன தையில் அம்மாவைப் பிச்சாவரம் அழைத்துப் போனேன். நாற்பது வருடம் மீன் விற்றவள், எழுபது வயதில் முதன்முதலாகப் படகில் கால் வைத்தாள். வைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றினாள். “செருப்போட வாங்க ஆயா, பரவால்ல” என்று துடுப்புப் போடும் தம்பி சொல்லியும் கேட்கவில்லை. சுரபுன்னை மரங்களின் நிழலுக்குள் படகு நுழைந்ததும் கையைத் தண்ணீரில் விட்டாள். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

“சும்மா போறதுன்னா இதானா?” என்றாள்.

ஆமாம் என்றேன். தம்பி படகைத் திருப்பப் போனார். அம்மா என் தோளைத் தட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் உள்ள போவச் சொல்லு. சோறாக்க நேரமான ஆவட்டும்.”