கொழுக்குமலையில் நான் அழித்த வீடுகள்

கொழுக்குமலை விடியலை நான் எடுத்த படம் ஒன்று போட்டியில் பரிசு வாங்கியது. ‘மனிதக் கால் படாத மலை’ என்று அதற்குத் தலைப்பு வைத்திருந்தேன். தலைப்பும் பொய், படமும் பொய்.

தேனி மாவட்ட எல்லையில், 7,000 அடிக்கு மேலே இருக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டம். தோட்டம் தமிழ்நாட்டுப் பக்கம். ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும். அதிலுள்ள ஈரம் மேகமாகத் திரண்டு, விடியும்போது நம் காலுக்குக் கீழே வெண்கடலாகக் கிடக்கும். சூரியன் தலைகாட்டியதும் முகடுகளில் மட்டும் செம்மை ஏறும். சாய்ந்து வரும் அந்த ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடப்பதால் நீலமெல்லாம் வழியிலேயே சிதறிவிடுகிறது. வெயில் எட்டாத சரிவுகள் வான் ஒளியில் நீலம் பாரித்தே இருக்கும். இரண்டும் சேர்ந்து நிற்பது சில நிமிடங்கள்தான்.

அப்போது எடுத்த படத்தின் கீழ்மூலையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் தகரக் கூரைகள் இருந்தன. ஓர் அடுப்புப் புகை எழுந்து, வெயிலைத் தொட்ட இடத்தில் பொன்னிறமாகியிருந்தது. படத்திலேயே உயிருள்ள இடம் அதுதான் என்று இன்று தெரிகிறது. கூரைகளையும் புகையையும் கணினியில் துடைத்தேன். பக்கத்துச் செடிகளை நகலெடுத்து அங்கே ஒட்டினேன். எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்ற போட்டி விதிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

மனம் உறுத்தியபோது அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸைத் துணைக்கு அழைத்தேன். 1944-இல் லோன் பைன் ஊரிலிருந்து சியரா நெவாடா மலைகளின் குளிர்காலச் சூரியோதயத்தை எடுத்தவர், பள்ளிப் பிள்ளைகள் குன்றின்மேல் வெள்ளையாக அமைத்திருந்த ஊர்ப்பெயரின் இரண்டு எழுத்துகளை நெகட்டிவில் மறைத்தார். ஆனால் 1983-இல் வந்த தன் புத்தகத்தில் அதை அவரே சொல்லிவிட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைத்ததும் எழுத்துகளை அல்ல, குடும்பங்கள் வாழும் வீடுகளை.

தேயிலை, விட்டால் மரமாக வளர்ந்துவிடும். அதை இடுப்பளவில் நிறுத்துவது கவாத்துக் கத்தி. வரிசைகளுக்கு நடுவே தெரியும் கோடுகள், கொழுந்தெடுப்பவர்கள் நடந்து நடந்து உண்டான தடம். அழகென்று நான் காட்டிய பச்சை முழுவதும் அவர்கள் உழைப்பு. உழைப்பை வைத்துக்கொண்டு ஆளை நீக்கினேன். தகரக் கூரை தெரிந்தால் பரிசு கிடைக்காது என்று கணக்குப் போட்டேன். கணக்கு பலித்தது.

கண்காட்சியில், அந்தத் தோட்டத்தில் பிறந்த இளைஞர் ஒருவர் கீழ்மூலையை வெகுநேரம் பார்த்தார். “எங்க லயன் இங்கதானே அண்ணா வரணும்?” என்றார். கோணத்தில் மறைந்துவிட்டது தம்பி என்றேன். நம்பிவிட்டார்.

திருத்தாத மூலப்படம் என்னிடம் இருக்கிறது. பரிசுப் பணம் செலவாகிவிட்டது. போட்டி நடத்தியவர்களுக்கு இன்றுவரை நான் எழுதவில்லை. இதை எழுதிய பிறகு, அந்தக் கடிதத்தையும் எழுதித்தான் ஆகவேண்டும்.