இருபது மார்க் கூப்பன்

எங்கட வீட்டிலயிருந்து ஐந்து நிமிச நடையில ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கு. பேர் வேண்டாம். 1998 இலிருந்து பாலும் பாணும் அங்கதான். முகாமில இருந்த காலத்திலும் அந்தக் கடைதான், இப்ப பேரப்பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கிறதும் அந்தக் கடைதான். வந்த புதுசில பூனைச் சாப்பாட்டு ரின்னை மீன் ரின் எண்டு வாங்கின கதையை எல்லாரும் எழுதிப்போட்டினம். நான் அதை எழுதேல்ல. (வாங்கினது உண்மை.)

நான் எழுத வந்தது கூப்பன் கதை.

ஜெர்மனியில அகதிகளுக்கு எண்டு தனியா ஒரு உதவிச் சட்டம் 1993 கார்த்திகையில வந்தது. காசாக் குடுக்காமல் பொருளாக் குடுக்கவேணும் எண்டதுதான் அதின்ர சாரம். காசு குடுத்தால் இன்னும் ஆக்கள் வருவினமாம். நாங்கள் இருந்த நீடர்சக்சன் மாநிலத்தில அது கூப்பனா வந்து சேர்ந்தது. 'குட்ஷைன்' எண்டு சொல்லுவினம். சாராயம், சிகரெட் வாங்கேலாது. ரெலிபோன் காட் வாங்கேலாது. கையில காசா வந்தது மாதம் 80 மார்க். அதில பெரும்பங்கு லோயருக்குத் தவணை கட்டப் போயிடும்.

கூப்பன் எண்ட சொல் எனக்குப் புதுசில்லை. சின்ன வயசில சங்கக்கடையில கூப்பனோட வரிசையில நிண்டு அரிசியும் சீனியும் வாங்கின ஆள்தான் நான். ஆனால் அங்க வாத்தியாரும் கூப்பன், தபால்காரரும் கூப்பன். வரிசையில வம்பளந்துகொண்டு நிப்பம். இங்க முழு வரிசையிலயும் நான் மட்டும்தான் கூப்பன்.

அதில ஒரு கணக்கு இருந்தது. கூப்பனில பத்து வீதத்துக்கு மேல மிச்சக்காசு தரமாட்டினம். இருபது மார்க் கூப்பன் எண்டால் ஆகக்கூடியது இரண்டு மார்க். 17 மார்க் 60க்கு வாங்கினால் மேலதிக 40 பெனிக் கடைக்குத்தான். 19 மார்க் 80க்கு வாங்கினால் எனக்கு இருபது பெனிக்தான் வரும். சரியா 18 மார்க்குக்கு வாங்கினால் ஒரு முழு இரண்டு மார்க் குத்தி கையில விழும். அப்பிடிப் பத்துக் கூப்பன் மாத்தினால் இருபது மார்க். அது ஒரு ரெலிபோன் காட்.

அப்ப அம்மா வவுனியாவால பாஸ் எடுத்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜில நிண்டவ. ஞாயிற்றுக்கிழமைகளில நான் எடுப்பன் எண்டு காத்துக்கொண்டிருப்பா. எடுக்காட்டில் அவவுக்குக் காரணம் சொல்ல வழியில்லை. மகன் ஜெர்மனியில இருக்கிறான், ரெலிபோனுக்குக் காசில்லை எண்டால் லொட்ஜில ஆர் நம்புவினம்?

ஆகவே ஒவ்வொரு சாமானையும் தள்ளுவண்டிலில போட முதல் விலையை மனசில கூட்டுவன். பருப்பு, முட்டை, கோழிக்கால், உருளைக்கிழங்கு. கணக்குப் பாடத்தில நான் ஒருநாளும் அவ்வளவு கவனமா இருந்ததில்லை. ஒருநாள் பிழைச்சுப்போச்சு. மெசின் 17 மார்க் 60 எண்டு காட்டினது. காசாளர் மனிசி என்னைப் பார்த்து, "இன்னும் ஏதாவது எடுத்து வாரும்" எண்டா. நான் எலுமிச்சம்பழம் எடுக்க ஓடினன். மரக்கறிப் பக்கம் கடையின்ர மற்ற அந்தத்தில. திரும்பி வரேக்க வரிசையில ஏழெட்டுப் பேர். ஒருத்தர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அப்ப சனிக்கிழமை நாலு மணிக்குக் கடை பூட்டுற காலம். மனிசி என்ர கூப்பனைத் தூக்கிப் பிடிச்சு, பின்னுக்கு இருந்த மேலாளருக்குக் கேட்கிறமாதிரி, "குட்ஷைன்!" எண்டு கத்தினா. அவ கெட்ட மனிசி இல்லை. கையெழுத்து வைக்க அந்தாள் வரவேணும், அதுக்குக் கத்தத்தான் வேணும். ஆனால் அந்தச் சத்தம் பிறகு கனநாள் காதில நிண்டது.

அந்த வருசம்தான் தேவாலயத்துக்குப் பக்கத்தில ஒரு வயசான மனிசியும் சில மாணவர்களும் கூப்பன் மாத்தத் தொடங்கிச்சினம். எங்கட கூப்பனை எடுத்துக்கொண்டு அதே பெறுமதிக்குக் காசு தருவினம். கூப்பனில தங்கட சாமானை வாங்குவினம். பல ஊர்களில அப்பிடிச் செய்தவை. பிறகு எனக்கு விசா கிடைச்சது, வேலை கிடைச்சது, யூரோ வந்தது. மறந்துபோனன்.

2025 கோடையில ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். எனக்கு முன்னால ஒரு பெடியன். பம்பர்ஸ், பால், வாழைப்பழம். காட்டை வைச்சான், மெசின் மறுத்திட்டுது. இன்னொருக்கா வைச்சான். அதுவும் இல்லை. நேற்று வேலை செய்தது எண்டு உடைஞ்ச டொச்சில சொன்னான். எனக்குப் பின்னால ஒருத்தர் பெருமூச்சு விட்டார். நானும் விட்டன். விட்டதோட நிக்காமல் மனிசியிட்டத் தமிழில, "காசில்லாமல் ஏன் கடைக்கு வாறாங்களோ தெரியாது" எண்டன்.

மனிசி என்னைத் திரும்பிப் பார்த்தா. "எலுமிச்சம்பழத்துக்கு ஓடின ஆள் நீங்கள்தானே?"

பெடியன் பம்பர்ஸை ஒரு பக்கமா வைச்சிட்டு, கையில இருந்த சில்லறையில பாலுக்கு மட்டும் காசு குடுத்திட்டுப் போட்டான். நான் பம்பர்ஸை வாங்கிக்கொண்டு வெளியில ஓடியிருக்கலாம். ஓடேல்ல. என்ர சாமான் அப்ப பட்டியில போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நிண்டன். அதுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்துதான் விசாரிச்சன். 2024 இல சட்டம் மாத்தி, அகதிகளுக்குக் காசுக்குப் பதிலா ஒரு காட் குடுக்கினமாம். அதிலயிருந்து மாதம் 50 யூரோதான் காசா எடுக்கலாம் எண்டு மாநிலங்கள் கூடித் தீர்மானிச்சிருக்கு. 1998 இல எங்களுக்குச் சொன்ன அதே காரணம்தான். காட் இல்லாத சந்தையில பழைய உடுப்பு வாங்கேலாது, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பிள்ளையிட்டக் காசு குடுத்துவிடேலாது. எங்கட ஆக்களிலயே சிலர், "இப்ப வாறவங்களுக்கு அப்பிடித்தான் செய்யவேணும்" எண்டு கதைக்கினம். அவையும் ஒருகாலம் என்னோட கூப்பன் வரிசையில நிண்டவை. பேர் சொல்லேல்ல, வாசிச்சால் தங்களுக்கே விளங்கும்.

எங்கட நகரத்திலயும் சிலர் மாத்திக் குடுக்கினம். காட்டுக்காரர் கடையின்ர பரிசுக் கூப்பனை வாங்கிக்கொண்டு வருவினம், நாங்கள் அதே பெறுமதிக்குக் காசைக் குடுத்து வாங்கிறது. புதன்கிழமைகளில நானும் போறன். அந்தப் பெடியனை இன்னும் அங்க காணேல்ல.

போன கிழமை அந்தக் கூப்பனோட அதே கடையில வரிசையில நிண்டன். சின்னப் பெட்டை ஒண்டு காசாளர். "மிச்சம் கூப்பனிலயே இருக்கும், அடுத்தமுறை பாவிக்கலாம்" எண்டு மெல்லமாத்தான் சொன்னது. நான் அதுக்கு முதலே எல்லாத்தையும் மனசில கூட்டிப்போட்டன். வீட்டு லாச்சியில இன்னும் நாலு கூப்பன் கிடக்கு. இவ்வளவுக்கும் என்னத்தை வாங்கிறது எண்டு மனிசி கேட்டுக்கொண்டிருக்கிறா.