கர்ப்பிணிக்கு ஊசி போடலாமா?

பாரூர் பக்கம் மட்டுமில்லை, எந்த ஊரிலும் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. பப்பாளி தொடாதே, கிரகணத்தில் வெளியே வராதே... சில வீடுகளில் கூடவே இன்னொன்றும் வரும். "இந்த நேரத்துல ஊசி எதுக்கு? புள்ளைக்கு ஆகாது."

இந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய வேண்டாம். தலைவலி மாத்திரைக்கே யோசிக்கச் சொல்லும் காலம் அது. ஆனால் கிராம சுகாதார செவிலியர் போடும் அந்த ஊசி எதற்கு என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

அது ரணஜன்னி ஊசி. முன்பு டி.டி. என்றார்கள், 2019 முதல் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து டி.டி. (ஆமாம், பெயரிலும் குழப்பம்! ஆங்கிலத்தில் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும்.) ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. ஏரிப் பாசனமும் மாடும் உள்ள ஊரில் அதை ஒழிக்கவே முடியாது. சுத்தமில்லாத கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தால் உள்ளே போய்விடும். பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, குழந்தை பால் குடிப்பதை நிறுத்தும், தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும். 1988ல் இந்தியாவில் மட்டும் சுமார் 1,60,000 பச்சைக் குழந்தைகள் இப்படி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்கிறது.

குழந்தைக்கே ஊசி போட்டால் என்ன என்று கேட்கலாம். குழந்தைக்கு ரணஜன்னிக்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். ஆபத்து வருவதோ முதல் மாதத்தில். இந்த இடைவெளிக்கு ஒரே வழி அம்மாதான். அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி கிடையாது, செயலிழக்க வைத்த நச்சுப்பொருள்தான். கை வலி, லேசான காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். உயிருள்ள கிருமி கொண்ட தட்டம்மை, சின்னம்மை ஊசிகளைக் கர்ப்பிணிக்குப் போடுவதே இல்லை. அதாவது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை.

2015ல் இந்தியா தாய்-சேய் ரணஜன்னியை நீக்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மாவட்டம் தோறும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே! ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு, ஊசிக்கு மட்டும் மாலை போட முடியாது.

அப்புறம் ஏன் பயம்? கொரோனா ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 16ல் ஆரம்பித்தது, கர்ப்பிணிகளுக்கு அனுமதி ஜூலை 2ல்தான். நடுவில் இரண்டாம் அலையே வந்து போய்விட்டது. காரணம், ஆரம்பச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. "இன்னும் தெரியாது" என்பதை ஊர் "ஆபத்து" என்று படித்துக்கொண்டது. பிறகு பல நாடுகளில் பார்த்ததில் கருச்சிதைவு கூடவில்லை. ஊசி போடாமல் கொரோனா வந்த கர்ப்பிணிகள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள்.

இங்கே இன்னொரு சிக்கல் சம்பளம். ஓசூர் கம்பெனி பஸ் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஊசி இலவசம்தான், அந்த நாள் இலவசமில்லை. முதல் ஊசி கர்ப்பம் தெரிந்தவுடன், அடுத்தது நாலு வாரம் கழித்து. நடுவில் பிரசவத்துக்கு கர்நாடகாவில் உள்ள அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துப் போனால், எந்த ஊசி எப்போது போட்டது என்று அங்குள்ள செவிலியருக்கும் தெரியும்.