டிரெஸ்டனில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பது, அங்கே படிக்கப் போகிறவர்கள் முதல் வாரமே பட்டினி கிடந்து கற்றுக்கொள்கிற பாடம். அதனால் டிரெஸ்டனுக்கு வார இறுதியில் போகிறவர்கள் சனிக்கிழமையே ரொட்டி, பழம் எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. பெர்லினிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். அரண்மனை, மியூசியம், ஓவியக்கூடம் என்று பார்க்க ஏகப்பட்டது இருக்கிறது. இரண்டே நாளில் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தால் கால்வலிதான் மிஞ்சும். சனிக்கிழமைக்கு ஒரு சர்ச், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தோட்டம். அது போதும்.

சர்ச் இருக்கும் சதுக்கத்தின் பெயர் நாய்மார்க்ட். (நாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, புதுச்சந்தை என்று அர்த்தம்!) ஃப்ராவென்கிர்ஷெ அங்கேதான் நிற்கிறது. 91 மீட்டர் உயரம், மேலே மணியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கல் கூம்பு. முதலில் கண்ணில் படுவது அந்த உயரம் இல்லை, நிறம்தான். வெளிர்மஞ்சள் சுவரில் அங்கங்கே கறுப்புக் கற்கள், யாரோ சதுரம் சதுரமாக மை தெளித்த மாதிரி. ஒரு பக்கம் சுவரின் பெரிய பகுதியே கறுப்பாக இருக்கிறது.

ஜார்ஜ் பேர் என்பவர் வடிவமைத்து 1726 முதல் 1743 வரை கட்டிய சர்ச் இது. 1736-ல் பாக் இங்கே வந்து ஆர்கன் வாசித்திருக்கிறார். 1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்களும், மறுநாள் அமெரிக்க விமானங்களும் ஊரின் மேல் குண்டு போட்டன. சர்ச் உடனே விழவில்லை. ஊரே எரியும்போது நின்றுகொண்டிருந்தது. சூட்டில் உள்தூண்கள் பலமிழந்து, 15-ம் தேதி காலையில்தான் மொத்தமாகச் சரிந்தது. அதன் பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேல், கிழக்கு ஜெர்மனி காலம் முழுக்க, அது ஒரு கல்மேடு. போர் நினைவுச்சின்னம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

இரண்டு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு 1994-ல் திரும்பக் கட்ட ஆரம்பித்து, 2005 அக்டோபர் 30-ல் திறந்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, முன்பு எங்கே இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் உதவியோடு கண்டுபிடித்து, முடிந்தவற்றை அதே இடத்தில் வைத்தார்கள். செலவில் பெரும்பகுதி நன்கொடை. 1999-ல் மருத்துவ நோபல் வாங்கிய குந்தர் பிளோபெல், பரிசுப் பணத்தை ஏறக்குறைய முழுக்க இந்த ஊருக்கே கொடுத்துவிட்டார். எட்டு வயதுப் பையனாகக் குடும்பத்தோடு அகதியாக வந்தபோது, குண்டு விழுவதற்குச் சில நாள் முன்புதான் அவர் இந்த ஊரைப் பார்த்தாராம். கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் அப்பா, அன்று குண்டு போட வந்த விமானிகளில் ஒருவர். பழைய சிலுவை நெளிந்து வளைந்து சர்ச்சுக்குள்ளேயே நிற்கிறது. உள்ளே போக டிக்கெட் இல்லை, கோபுரத்தில் ஏறத்தான் காசு. உள்ளே அடுக்கடுக்காகப் பால்கனி, பழைய சினிமா தியேட்டர் மாதிரி.

கறுப்புக் கல்லைப் பார்க்கிற எல்லோரும் தீயில் கருகியது என்றே நினைக்கிறார்கள். ரொம்பவும் சரியில்லை. இது எல்பே நதிப் பக்கத்து மணற்கல். அதிலிருக்கும் இரும்பால் வெயிலிலும் மழையிலும் காலப்போக்கில் தானாகவே கறுக்கும். அப்படியென்றால் இப்போது மஞ்சளாக இருக்கும் புதுக்கற்களும் ஒருநாள் கறுத்துவிடும். எது விழுந்த கல், எது புதுக்கல் என்று அன்றைக்கு யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. போய்ப் பார்ப்பதாக இருந்தால் இந்தத் தலைமுறையிலேயே பார்த்துவிட வேண்டும்.

வெளியே வந்தால் ஏதாவது கஃபேயில் ஐயர்ஷெக்க சாப்பிடலாம். முட்டையும் தயிர்க்கட்டி மாதிரியான ஒன்றும் சேர்த்து, மூன்றடுக்காகச் செய்கிற உள்ளூர் கேக். ஒரு துண்டே மதியச் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமைக்கு க்ரோஸர் கார்ட்டன். பெயரே 'பெரிய தோட்டம்', நம்ம ஊர் பெரிய கோவில் மாதிரி. 1676-ல் சாக்சனி அரச குடும்பத்துக்காக ஆரம்பித்தது, இன்றைக்கு ஏறத்தாழ 147 ஹெக்டேர். நடுவில் ஒரு சின்ன அரண்மனை, அதிலிருந்து நேர்கோடாக மரங்கள் அடர்ந்த பாதைகள். சைக்கிள், ஸ்கேட்டிங், தள்ளுவண்டியில் குழந்தை, புல்லில் படுத்துப் புத்தகம் படிக்கிறவர்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

ஆனால் அந்த இரவில் முதல் தாக்குதலுக்குப் பிறகு, எரியும் வீடுகளை விட்டு ஏராளமானவர்கள் ஓடிவந்தது இங்கேதான். திறந்த வெளி, மரம், புல், இங்கே தீ வராது என்று நம்பினார்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் இரண்டாவது அலை வந்தது. அது தோட்டத்தின் மேலேயும் விழுந்தது. ஊரில் மொத்தம் செத்தவர்கள் இரண்டு லட்சம் என்று நாஜிகள் ஊதிப் பெருக்கினார்கள். இன்றும் அந்தக் கணக்கைச் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. 2010-ல் வரலாற்றாளர் குழு கொடுத்த கணக்கு அதிகபட்சம் 25,000. அதுவே தாங்க முடியாத எண்தான், பொய் சேர்க்கத் தேவையில்லை.

சர்ச் சுவரில் தெரிகிற மாதிரி இங்கே எதுவும் தெரியாது. புல் எல்லா இடத்திலும் ஒரே பச்சைதான். தெரிய வேண்டுமானால் நடுவில் இருக்கும் அரண்மனைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தை அழகாகப் புதுப்பித்துவிட்டார்கள். உள்ளே சுவர்கள் பல இடத்தில் பூச்சு இல்லாமல் செங்கல்லாகவே நிற்கின்றன. அங்கே சில சமயம் கச்சேரி நடக்கிறது.

தோட்டத்தைச் சுற்றி ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. 1950-ல் ஆரம்பித்தது, பாதை ஐந்தரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எஞ்சின் ஓட்டுவது பெரியவர்கள், மற்ற வேலையில் பெரும்பாலானதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே பார்க்கிறார்கள். யூனிஃபார்ம், தொப்பி எல்லாம் உண்டு. டிக்கெட் கேட்டு வருகிற பன்னிரண்டு வயசுப் பையனின் முகத்தில் அவ்வளவு கண்டிப்பு! சிரித்துவிடாமல் டிக்கெட்டை எடுத்து நீட்ட வேண்டும். குளிர்காலத்தில் ரயில் ஓடாது, ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் போய்விடுங்கள்.