கரடி நக்கிய ஐஸ்கிரீம்

டபிள்யூ.டபிள்யூ.எஃப் டிரம்ப் கார்டு விளையாடியவர்களுக்கு பிரெட் ஹார்ட்டைத் தெரியாமல் இருக்காது. கனடாவின் கால்கரியில் உள்ளூர் ரெஸ்லிங் காட்சிகளை நடத்தியவர் அவருடைய அப்பா ஸ்டூ ஹார்ட். அதனால் 12 பிள்ளைகளும் பயில்வான்களை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்கள். 'டெரிபிள் டெட்' என்ற மல்யுத்தக் கரடிகூட கொஞ்ச நாள் வீட்டுக்கு அடியில் தங்கியிருந்ததாம். குட்டிப் பையன் பிரெட் கால்விரலில் ஐஸ்கிரீமைச் சொட்டவிட, அது நக்குமாம்! பாவம், பல்லும் நகமும் பிடுங்கப்பட்ட கரடி...

ரிங்கில் காட்டும் பயம் நடிப்பு என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அடித்தளத்தில் அப்பாவிடம் பயிற்சி எடுத்தவர்களின் அலறல் நடிப்பில்லை என்பதும் தெரியும்.

1999 மே 23-ல் கடைக்குட்டி ஓவன் ஹார்ட், அரங்கின் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியில் விழுந்து இறந்தார். இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை என்று டிவியில் வர்ணனையாளரே சொல்ல வேண்டியிருந்தது.

'ரெஸ்லிங் எல்லாம் டூப்புடா' என்பது பாதி உண்மைதான்.