அமாவாசைக்குள் முடிக்க வேண்டிய வேலை

பிப்ரவரி 6, 2026, வெள்ளி

வானம் மூடிக்கிடக்கிறது. சீனப் புத்தாண்டு 17ஆம் தேதி. அது எப்போதும் அமாவாசையை ஒட்டியே வரும். இரண்டு நாள் பொது விடுமுறை வேறு. சிங்கப்பூரில் மழை குறைந்த மாதமும் பிப்ரவரிதான். தீபாவளியும் அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது என்றாலும் அந்தப் பருவத்து மேகத்தை நம்ப முடியாது. ஈசூனில் இருந்துகொண்டு நட்சத்திரப் படம் எடுப்பவர்களுக்கு ஆண்டின் நல்ல இரவுகள் வரப்போகின்றன. அதற்குள் கணினி, கேமரா, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட் மூன்றும் விடிய விடிய இணைப்பு அறாமல் ஓடப் பழக வேண்டும்.

செயற்கை ஒளியால் இரவு வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதற்கான உலக வரைபடம் 2016இல் வெளிவந்தபோது, ஒளி மாசு மிகுந்த நாடாகச் சிங்கப்பூர்தான் இருந்தது. இங்கே யாருடைய கண்ணும் முழு இருட்டுக்குப் பழகுவதில்லை. ஆனால் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியை, அதாவது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தை, மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைப் போட்டு ஐந்து ஐந்து நிமிடப் படங்களாக எடுத்து அடுக்கினால், நம் புளோக்குக்கு மேலேயே நெபுலா இருப்பது தெரியும். நடுவில் ஒரு நொடி இணைப்பு அறுந்தாலும் அந்த ஐந்து நிமிடம் வீண்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்றிரவு கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் கேமரா திரும்பத் திரும்ப இணைப்பிலிருந்து விழுந்தது. உடன் வந்த அக்கா மகன், "டிரைவரை அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்க மாமா" என்றான். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். நான் டிரைவரைத் தொடவில்லை. இன்று மதியம் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பதிவுக் கோப்பை வரி வரியாகப் படித்தோம். இணைப்பு அறுந்த ஒவ்வொரு நேரத்திலும் கேமராவின் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கருவிகளைக் கூடத்திலேயே பூட்டி, குளிரூட்டியை மைனஸ் 10 டிகிரிக்கு வைத்து, மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி முனையில் 13.2 வோல்ட். கேமராவுக்குள் நுழையும் இடத்தில் 11.4. மிச்சம் ஐந்து மீட்டர் மெல்லிய கம்பியில் சூடாகப் போய்விடுகிறது. பனி படியாமல் லென்ஸைச் சூடாக்கும் பட்டையும் அதே கம்பியில்தான் தொங்குகிறது. மின்னழுத்தம் இறங்கியதும் கேமராவுக்குள் இருக்கும் யுஎஸ்பி பகுதி ஒரு கணம் அணைந்து எழுகிறது. கணினியைப் பொறுத்தவரை யாரோ கேமராவைப் பிடுங்கிச் செருகியதுபோல. இதை எந்த டிரைவரும் சரிசெய்யாது.

மைனஸ் 10 என்பதும் குளிர்நாட்டுக்காரர்களின் கணக்கு. இரவிலும் 27, 28 டிகிரி இருக்கும் ஊரில் அதை எட்டக் குளிரூட்டி மூச்சு முட்ட ஓட வேண்டும். நம் வானத்தின் வெளிச்சமே படத்தில் அவ்வளவு இரைச்சலைக் கொட்டும்போது, சென்சரை இன்னும் 10 டிகிரி குளிர்விப்பதில் கிடைக்கும் லாபம் சொற்பம். இனி 0 டிகிரி.

பிப்ரவரி 11, புதன்

வேலை முடிந்து தேக்காவிலிருந்து நடந்தே சிம் லிம் டவர் போனேன். தடித்த செம்புக் கம்பி, திருகிப் பூட்டும் இணைப்பிகள், ஒரு சிறிய கடிகார அட்டை, அதற்கு நாணய பேட்டரி. ராஸ்பெரி பை 4 போன்ற அட்டைக் கணினிகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது; இணையம் இல்லாத இடத்தில் ஏறக்குறைய அணைத்த நேரத்திலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்கும். வீட்டில் அது யாருக்கும் தெரியாது, மேல்தளத்தில் தெரியும்.

பிப்ரவரி 14, சனி

கணினியைத் தொலைநோக்கியின் முதுகிலேயே ஏற்றிவிட்டோம். யுஎஸ்பி 2.0 கம்பி ஐந்து மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்த விளிம்பில் ஏன் வாழ வேண்டும்? இப்போது யுஎஸ்பி கம்பிகள் எல்லாம் ஒரு முழத்துக்குள். தரைக்கு இறங்குவது தடித்த மின்கம்பி ஒன்று மட்டும். கட்டளைகள் வைஃபை வழியே.

மவுண்டும், குவியத்தைச் சரிசெய்யும் ஃபோகஸரும் சீரியல் போர்ட் வழியே பேசுபவை. எது முதலில் விழிக்கிறதோ அதற்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று என்று கணினி எண் கொடுக்கும். ஒரு நாள் வரிசை மாறினால் மவுண்டுக்குப் போக வேண்டிய கட்டளை ஃபோகஸருக்குப் போகும். ஒவ்வொரு கருவியின் சிப்பிலும் உள்ள வரிசை எண்ணோடு நிலையான பெயரைப் பிணைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. அந்தச் சில வரிகளை அக்கா மகனே எழுதினான்.

இந்த அளவுக்காவது கருவிகள் ஒரே மொழியில் பேசுகின்றன என்றால் அதற்கு ஆட்கள் உழைத்திருக்கிறார்கள். முன்பு ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மவுண்டுக்கும் தனித்தனியாக டிரைவர் எழுத வேண்டியிருந்தது. பாப் டென்னி முன்னெடுத்த ஆஸ்காம், எல்வுட் டவுனி தொடங்கிய இண்டி என்ற பொது நெறிகள் வந்த பிறகுதான், கருவிக்கு ஒரு டிரைவர் இருந்தால் எல்லா மென்பொருளுக்கும் போதும் என்றாயிற்று. நான் ஓட்டுவது இண்டி. கட்டணம் கிடையாது. இதை எழுதியவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

பிப்ரவரி 17, செவ்வாய்

புத்தாண்டு முதல் நாள். கீழ்த்தளங்களில் விருந்தினர் கூட்டம். எட்டு மணிக்கு மேகம் விலகியது.

துருவ நட்சத்திரம் ஈசூனில் சுமார் ஒன்றரை டிகிரி உயரத்தில், அடுக்குமாடிகளுக்குப் பின்னால் கிடக்கிறது. அதைப் பார்த்து மவுண்டின் அச்சை நேராக்குவது நடக்காத காரியம். அச்சைச் சுழற்றி மூன்று படம் எடுத்தால், ஒவ்வொரு படமும் வானத்தின் எந்த இடம் என்று கணினி கண்டுபிடித்து, மூன்று மையங்களும் எந்த வட்டத்தில் விழுகின்றன என்பதிலிருந்து அச்சின் பிசகைச் சொல்லிவிடும். இடத்தைக் கண்டுபிடிக்கும் வித்தையை டஸ்டின் லாங், டேவிட் ஹாக் முதலியோரின் அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் பரவலாக்கியது: நட்சத்திரங்களை நான்கு நான்காகச் சேர்த்து, அந்த வடிவத்தை எண்களாக்கி, முன்பே தயாரித்த அட்டவணையில் தேடுவது.

ஓரியன் நெபுலா ஒன்பது மணி வாக்கில் உச்சியைக் கடந்தது. இங்கே அது தலைக்கு மேல் ஏழு டிகிரிக்குள் வருகிறது. தொலைநோக்கி செங்குத்தாக நிற்க, கேமரா முக்காலியின் காலை உரசும் அளவுக்குத் தாழ்கிறது. மவுண்ட் மறுபக்கம் புரளும் நேரமும் அதுதான். நீண்ட கம்பிகள் சிக்குவது வழக்கமாக அந்தத் திருப்பத்தில். அக்கா மகன் கைவிளக்கோடு பக்கத்திலேயே நின்றான். ஒன்றும் சிக்கவில்லை. புரண்ட பின் கணினி ஒரு படம் எடுத்து, இடம் சரிபார்த்து, கொஞ்சம் நகர்ந்து, தானே தொடர்ந்தது. பதினொன்றரைக்கு மேகம் திரும்பும்வரை இணைப்பு ஒருமுறைகூட அறவில்லை. "இது போதும் மாமா, இனி எதையும் மாத்தாதீங்க" என்றான். அதையேதான் நானும் நினைத்தேன். இந்தக் கணினியில் இனி வேறு வேலை கிடையாது. புதிய பதிப்புகளும் மழைக்காலத்தில்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அடுத்தது மார்ச் 3, முழுச் சந்திர கிரகணம். முழு மறைவு இரவு 7.04 முதல் 8.03 வரை. இங்கே சந்திரன் மறைந்த நிலையிலேயே 7.15ஐ ஒட்டி உதிக்கும். அந்தி வெளிச்சத்தில் அடையாளம் காண நட்சத்திரம் எதுவும் படத்தில் விழாது. நேரத்தையும் இடத்தையும் மட்டும் நம்பி மவுண்ட் திரும்ப வேண்டும். கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால் ஒரு டிகிரி தள்ளிப் போகும். சந்திரனின் அகலமே அரை டிகிரிதான். ஆகவே முந்தின இரவு அச்சைச் சரிசெய்து, முக்காலியின் கால்கள் நின்ற இடங்களில் தரையில் டேப் ஒட்டி வைக்கிறோம். நாணய பேட்டரியின் வோல்ட்டை அக்கா மகன் சனிக்கிழமை அளக்கிறான்.