ஒரு வாரமா ஆளையே காணோமே!

'வீ மிஸ் யூ! எங்கே போனீர்கள்?'

காலை ஆறு மணிக்கு உங்கள் செல்போனில் இப்படி ஒரு செய்தி வந்து, அதை உங்களுக்கு முன்னால் உங்கள் மனைவி படித்துவிட்டால் என்ன ஆகும் என்று கல்யாணமான வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகாதவர்கள் கொஞ்ச நாள் பொறுத்தால் தானாகத் தெரிந்துகொள்வார்கள்.

''யாருங்க இது?''

''ஜிம்மு.''

''ஜிம்முவா? வடநாட்டுப் பொண்ணா?''

''அம்மா தாயே! உடற்பயிற்சிக் கூடம். வருஷத்துக்கு மொத்தமாப் பணம் கட்டிச் சேர்ந்தேனே, அது!''

''மொத்தமா வாங்கியாச்சே, அப்புறம் எதுக்கு உங்களைக் காணோம்னு தவிக்கிறாங்க?''

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. இது நடந்தது 2019 ஏப்ரலில், கும்பகோணத்தில், ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில். அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து உள்ளே படுத்திருந்தார். என்னைக் காணோம் என்று சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் உருகிக்கொண்டிருந்தது.

கதையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துகிறேன். 2016-ல் எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் மெடிக்கல் செக்கப் வைத்தார்கள். எனக்கு பி.பி. 150/100. டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ''இது என்ன சார்?'' என்றார். ''எல்லாம் சுயசம்பாத்தியம்தான் டாக்டர்'' என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையோடு உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்து. கீழே மாவு மில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜிம். மாதம் 500 ரூபாய். கீழே மிளகாய் அரைக்கிற நாட்களில் மேலே பெஞ்ச் பிரஸ் செய்கிறவர்கள் அத்தனை பேரும் கோரஸாகத் தும்முவோம். நெஞ்சுக்கு மேல் நாற்பது கிலோவை வைத்துக்கொண்டு தும்மிப் பாருங்கள், கடவுள் நம்பிக்கை தானாக வரும்.

சுவரில் இரண்டு படங்கள். ஒன்று, ஏழு தடவை மிஸ்டர் ஒலிம்பியா ஆன அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். அது இல்லாமல் ஜிம் நடத்த லைசென்ஸ் தர மாட்டார்களோ என்னவோ! இன்னொன்று, மனோகர் ஐச். நம்ம வங்காளத்துக்காரர். உயரம் 4 அடி 11 அங்குலம்தான். 1952-ல் தன் உயரப் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016-ல்தான் காலமானார். ''நான் குள்ளம் மாஸ்டர், எனக்கெல்லாம் உடம்பு வராது'' என்று எவனாவது சொன்னால் மாஸ்டர் ஒன்றும் பேச மாட்டார். தோளைப் பிடித்துக்கொண்டுபோய் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்துவிடுவார். என் உயரம் 5 அடி 3 அங்குலம். அங்கே நின்ற அனுபவம் உண்டு.

மாஸ்டரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒவ்வொருவர் பேருக்கு எதிரிலும் வருகைக் கோடு. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்னென்னவோ இருக்கும். 'இடது முழங்கால்' என்பது நான். 'சர்க்கரை' ஒருவர். 'வைகாசியில் தங்கச்சி கல்யாணம்' இன்னொருவர். மூன்று நாள் கோடு விழவில்லை என்றால் நாலாம் நாள் போன் வரும்.

''என்ன சார், ஆளையே காணோமே?''

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆபீஸில் மேனேஜர் கேட்கிறார், வீட்டில் மனைவி கேட்கிறாள், காசு கொடுத்து இன்னொருவரையும் கேட்கச் சொல்ல வேண்டுமா? ஒருநாள் சாயங்காலம் போன் வந்தபோது வாய் நிறைய வெங்காய பஜ்ஜி. சமாளித்து, ''லொக்... லொக்... ஜலதோஷம் மாஸ்டர்'' என்றேன். ''பஜ்ஜி ஆறிடப் போகுது, சாப்பிடுங்க. நாளைக்கு வந்துடுங்க'' என்று வைத்துவிட்டார். மொறுமொறு சத்தம் கேட்டிருக்கிறது!

2018-ல் மெயின் ரோட்டில் ஏ.சி. ஜிம் திறந்தார்கள். எங்கள் ஆபீஸ் ஆட்களுக்குத் தள்ளுபடி. வருஷத்துக்கு 18,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 21,240 ரூபாய். (2025 செப்டம்பரில் அந்த வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நான் கட்டி முடித்த பிறகு எதைத்தான் குறைக்கவில்லை!) சேர்ந்தேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை. போன் வந்தபோது எடுக்கவுமில்லை. அந்தச் சந்தைத் தவிர்த்து அரை கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனேன். அந்த வருஷம் நான் செய்த உருப்படியான உடற்பயிற்சி அதுதான்.

புது ஜிம்மைக் குறை சொல்லக் கூடாது. மெஷின்கள் எல்லாம் பளபள. குளியலறையில் வெந்நீர். விரலை வைத்தால் திரையில் என் பேரைப் போட்டு 'வெல்கம்' என்று வரும். பிறந்த நாள் வாழ்த்துகூட வந்தது. என்ன, ஆகஸ்டில் பிறந்தவனுக்கு ஜனவரி 1-ல் வந்தது, புரோட்டீன் பவுடருக்கு 10 சதவீதத் தள்ளுபடியோடு. ட்ரெய்னர் பையன்கள் நல்ல பையன்கள்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருத்தர் மாறுவார். ''சார், எனி இன்ஜுரி?'' என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். இடது முழங்கால் கதையை நாலு பேரிடம் சொன்னேன். ஐந்தாமவரிடம் 'நத்திங்' என்றுவிட்டேன்.

போகாமலே பணம் கட்டுவது என் ஒருவனின் வியாதி அல்ல. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களைக் கணக்கெடுத்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போனார்களாம். அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். ஆக, வராத ஆசாமியிடம்தான் லாபம். அவனைத் தேடி எந்த முதலாளி போன் செய்வார்?

ஒன்றரை மாதம் கழித்துச் சென்னை திரும்பியதும் ரிசப்ஷனில் போய் நின்றேன்.

''அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம ஊர்ல இருந்தேன்மா. அந்த நாட்களைப் பின்னாடி சேர்த்துத் தர முடியுமா?''

''சாரி சார். ஃப்ரீஸ் பண்ணணும்னா முன்கூட்டியே சொல்லியிருக்கணும்.''

''அப்பா விழறதுக்கு முன்னாடியேவா?''

''ஆமா சார்'' என்றது அந்தப் பெண், பரிதாபமாக. அதன் மேல் தப்பில்லை. சிஸ்டம் அப்படி.

அன்று சாயங்காலம் சுற்றிப் போகாமல் சந்துக்குள் நுழைந்தேன். மாடிப்படி ஏறும்போது, பரீட்சையில் தோற்ற மார்க் லிஸ்டைக் காட்டப் போகிற பையன் மாதிரி காலெல்லாம் கனம். மாஸ்டர் எவனுக்கோ பார்பெல்லைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

''இடது முழங்கால் எப்படி சார் இருக்கு?''

அவ்வளவுதான். மேஜை டிராயரிலிருந்து என் பழைய கார்டை எடுத்து வைத்தார். ஒரு வருஷம் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். ''அங்கே ஏ.சி. நல்லா இருக்குமாமே?'' என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்பா விஷயத்தைச் சொன்னேன். எந்தப் பக்கத்து இடுப்பு, வாக்கர் பிடித்து நடக்கிறாரா என்று விசாரித்து, முழங்காலுக்குக் கீழே 'அப்பா - இடுப்பு' என்று எழுதிக்கொண்டார். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை அப்பா எத்தனை அடி நடந்தார் என்று கணக்கு சொல்லியாக வேண்டும். கும்பகோணத்துக்குப் போன் செய்ய நான் மறந்தாலும் அவர் மறக்க விடமாட்டார்.

2020 மார்ச்சில் மூடி, ஊரடங்கிலும் மூடியே கிடந்த ஜிம்களைத் தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10-ல்தான் திறக்கவிட்டார்கள். அத்தனை நாளும் அவர் நோட்டைப் பார்த்து வரிசையாகப் போன் செய்து, ''இன்னைக்கு எத்தனை தண்டால்? எத்தனை பஸ்கி?'' என்று கேட்டார். ஃபீஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாடி வாடகைக்கு என்ன செய்கிறார் என்று எங்களுக்கே உறைத்து, பதினோரு பேர் மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். வேண்டாம் என்றார். பிறகு வாங்கிக்கொண்டார். அதையும் நோட்டில் எழுதி வைத்தார்.

இப்போது மாஸ்டருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. போன் டியூட்டி என் தலையில். போன மாதம் கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருவனுக்குப் பன்னிரண்டு நாளாகக் கோடு விழவில்லை. இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான்.

''லொக்... லொக்... உடம்பு சரியில்லண்ணா.''

எனக்கா தெரியாது அந்த இருமல்!

''தம்பி, நான் இதுல உனக்கு சீனியர். என்ன விஷயம்?''

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ''ரெண்டு மாச ஃபீஸ் பாக்கிண்ணா. சம்பளம் இழுத்தடிக்கிறாங்க. மாஸ்டர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?''

போனைக் கையால் மூடிக்கொண்டு மாஸ்டரிடம் சொன்னேன்.

''பாக்கியா? எந்தப் பாக்கி? மாஸ்டருக்கு இப்பல்லாம் ஞாபகமே இல்லைனு சொல்லுங்க'' என்றார். அவர் விரல் நோட்டில் '1,200' என்ற இடத்தில் சரியாக நின்றுகொண்டிருந்தது.

அப்படியே சொன்னேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆள் ஆஜர். தலையைக் குனிந்தபடி மூலையில் டம்பெல்லை எடுத்தான். மாஸ்டர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே மில்லில் மிளகாயைக் கொட்டினார்கள். நாங்கள் ஏழு பேரும் தும்மினோம். அவன் மட்டும் இருமினான். இந்தத் தடவை நிஜ இருமல்.